கீழே நிற்பவரின் குரல்

பூதலூர்
30.06.2024

அன்புத் தம்பி பரணிதரனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நானும் உன் அத்தானும் சுகம். அவருடைய முழங்கால் வலி மாடிப்படியைப் பார்த்தால் வருகிறது, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால் போய்விடுகிறது. மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. குறுவை இந்த வருஷம் போர் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான். நீயும் கயலும் பெங்களூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

கயல்விழி ஏழு வயதில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா, மேல மேலங்கிறியே, அது எங்க போய் முடியும்?" பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது? நான் கணக்கு டீச்சர். "பத்து அப்பா ஒருத்தர் தலைமேல ஒருத்தர் நின்னா ஒரு தென்னமரம்" என்றேன். "பத்து அப்பாவும் எதுக்கு அப்படி நிக்கணும்?" என்று கேட்டாள். நம் பக்கம் காட்டுவதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது. ஏறினால் வரப்பு, இறங்கினால் வயல்.

அந்த மாதம் நீ லீவில் வந்தாய். கண்ணாடியைக் கழற்றிய ஒரு கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து, முள்ளைத் தடவி மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்தாய். மறுநாளே அவளை வைக்கோல் போரில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று கத்தினாய். "வலது கை ரெண்டு மணிக்கு! இடது கால் ஏழு மணிக்கு!" உச்சிக்குப் போய்க் கையை விரித்து, "இங்க முடியுது மாமா" என்றாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை நீ போன் செய்து, சுவர் ஏறும் போட்டி லாஸ் ஏஞ்சல்ஸ் பாராலிம்பிக்கில் சேர்ந்துவிட்டது என்றாய். கண் தெரிந்தவர்களுக்கு டோக்கியோவிலேயே ஒலிம்பிக்கில் வந்தது, இப்போது நம் கயல் போன்றவர்களுக்கும் என்றாய். "ரொம்ப சந்தோஷம்" என்றேன். உடனே அவள் போனை வாங்கி, "ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். வெங்காயம் நறுக்குவதாகப் பொய் சொன்னேன்.

அதனால்தான் கடிதம். நீ போனை எந்த மூலையில் வைத்துப் பேசினாலும் இரண்டு பக்கமும் அவளுக்குக் கேட்டுவிடுகிறது. பேனா மை ஒன்றுதான் அவள் காதுக்கு எட்டாதது.

உண்மையைச் சொல். சுவர் பதினைந்து மீட்டர் என்றால் எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி உயரம். கயிறு தாங்குமா? நீ கீழே நிற்கிறாய் என்ற ஒரே காரணத்தால்தான் இத்தனை வருஷம் சம்மதித்தேன். வேறு யார் நின்றாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
கலைமகள்


பெங்களூர்
14.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பரணி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம். கயலுக்கு வங்கியில் ஆடிட் நேரம், வீட்டுக்கு வர எட்டு மணியாகிறது. அத்தானைத் தைலம் தேய்க்கச் சொல்லுங்கள்.

கயிற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். இடுப்பில் கட்டியிருக்கும். மறுமுனையை ஜாஹித் பிடித்திருப்பான். ஆம்பூர்ப் பையன், கோச். கயல் கை விட்டால் ஓர் அடி இறங்கித் தொங்குவாள், அவ்வளவுதான். விழுவது இல்லை, நிற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி இப்படி. இவர்கள் பிரிவில் எல்லோருக்கும் கண்ணைக் கட்டிவிடுவார்கள். ஆறு நிமிடம். சுவரில் மாட்டியிருக்கும் பிடிகளுக்கு வரிசை எண் உண்டு. எத்தனையாவது பிடி வரை போனார்கள் என்பதுதான் மதிப்பெண். அடுத்த பிடி எங்கே என்று கீழே இருந்து ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் நான். கடிகாரத் தொழிற்சாலையை மூடியபோது எனக்கு நாற்பத்தொன்பது வயது. அடுத்த வருஷமே கயலை இந்தச் சுவருக்குக் கூட்டிவந்தேன். கடிகாரம் செய்தவனுக்கு இப்படி ஒரு வேலை மிச்சமிருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

பிப்ரவரி 9 தேசிய அணித் தேர்வு. பெண்களில் இரண்டு பேரை எடுப்பார்கள். அவர்கள்தான் வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போவார்கள். அங்கிருந்துதான் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வழி.

ஓர் உதவி. பிடிகளுக்கு இங்கே இங்கிலீஷில் நீளநீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் கை வலித்துவிடும். நம் ஊர்ச் சொல்லாக நாலைந்து கொடுங்கள். விரல் நுனி மட்டும் நிற்பது ஒன்று. கை முழுக்க உள்ளே போவது ஒன்று. இரண்டு விரல் நுழையும் ஓட்டை ஒன்று. உருண்டையாக வழுக்குவது ஒன்று.

அன்புடன்,
பரணிதரன்


பூதலூர்
18.08.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலம் நாடுகிறேன். கடைசியில் மேட்டூர் திறந்து, புது ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. உன் அத்தானை வீட்டில் பார்ப்பது அரிது. சம்பா நாற்றங்காலில்தான் குடித்தனம்.

உன் நாலு பிடிகளையும் அவரிடம் சொன்னேன். வயலில் நிற்பவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. விரல் நுனி நிற்பது வரப்பு. கை முழுக்கப் போவது குடம். இரண்டு விரல் ஓட்டை மடை. வழுக்குவது பூசணி. "இதுக்கெல்லாம் லெட்டரா? போன்ல சொல்ல வேண்டியதுதானே?" என்றார். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அவரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

கயிறு தாங்கும் என்று நீ எழுதிய வரியை நாலு முறை படித்தேன். பரவாயில்லை, தைரியம் வருகிறது.

அக்கா,
கலைமகள்


பெங்களூர்
06.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். அங்கே சம்பா நடவு முடிந்திருக்கும்.

உங்கள் நாலு சொல்லும் சுவரில் அற்புதமாக வேலை செய்கிறது. "ஒரு மணிக்கு வரப்பு, கால் ஏழுக்குக் குடம்" என்றால் போதும், போய்விடுகிறாள். போன வாரம் பூனாவிலிருந்து வந்த ஒரு கோச் ஜாஹித்திடம், "என்ன பாஷை இது, ரகசியக் குறியீடா?" என்று கேட்டாராம். "இல்லை சார், தஞ்சாவூர் விவசாயம்" என்றானாம்.

கயல் முப்பதாவது பிடியைத் தொட்டுவிட்டாள். வேறு விசேஷம் இல்லை. பேனா புதிது, கொஞ்சம் தடிமனாக எழுதுகிறது.

பரணி


பூதலூர்
20.10.2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். தீபாவளிக்கு நீங்கள் வரவில்லை என்று கயல் போனில் சொன்னாள். பயிற்சி என்றாள். அதிரசம் பார்சலில் வரும். நீ ஒன்றோடு நிறுத்திக்கொள், உனக்குச் சர்க்கரை இருக்கிறது.

முப்பத்திரண்டு வருஷம் நோட்டுத் திருத்தியவள் நான். கண் மங்கிய பிள்ளையை முதலில் கண்டுபிடிப்பது டாக்டர் இல்லை, டீச்சர்தான். எழுத்து பெரிதாகும். வரி வலது பக்கம் போகப்போக மேலே ஏறும். ஒரு வரிமேல் இன்னொரு வரி வந்து உட்காரும். ஆறாம் வகுப்பில் ஜெக்கரியா என்ற பையன் அப்படித்தான் எழுதினான். அவனைக் கொண்டுபோய் முன் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

உன் ஜூலைக் கடிதத்தையும் அக்டோபர்க் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேனா புதிது என்கிறாய். பேனா தடிமனாக எழுதும், சரி. கோட்டைத் தாண்டியும் எழுதுமா?

அக்கா


பெங்களூர்
08.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரமாகப் பதில் போடவில்லை. மன்னிக்க வேண்டும். புயல் மழையில் பயிர் தப்பித்ததா? கயல் நன்றாக இருக்கிறாள்.

நோட்டுத் திருத்திய கண்ணிடம் தப்ப முடியாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இடது கண் போன வருஷமே போய்விட்டது. ஆகஸ்ட்டிலிருந்து வலது கண்ணும். ஓரத்தில் எல்லாம் தெரிகிறது, நடுவில் புகை. யாரைப் பார்த்தாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ரப்பர் வைத்து அழித்த மாதிரி இருக்கிறது. மாதம் ஓர் ஊசி, கண்ணுக்குள்ளேயே. தனியாக ஆட்டோவில் போய்ப் போட்டுக்கொண்டு வருகிறேன். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்கிறார் டாக்டர்.

சுவரில் நாலாவது பிடி வரை தெரியும். அதற்கு மேல் ஒரே சாம்பல். கயலுக்குத் தெரியாது. ஜாஹித்துக்கு மட்டும் தெரியும். அவள் வருவதற்கு முன் ஒவ்வொரு பிடியாக எனக்குச் சொல்லிவிடுவான், நான் மனப்பாடம் செய்துகொள்வேன். ஆனால் ஆச்சரியம் அக்கா, இதுவரை ஒன்றுகூடத் தவறவில்லை. நான் "வரப்பு" என்றால் அவள் விரல் வரப்பில் விழுகிற சத்தம் கேட்கிறது. கண் இருந்த காலத்தில்கூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

தேர்வு நாள் ஒன்றுதான் பயம். அன்று புதிதாகப் பிடி மாட்டியிருப்பார்கள். ஏறுபவரும் சொல்பவரும் மட்டும்தான் சுவர் முன்னால் போகலாம். கயிற்றைப் போட்டி நடத்துபவர்களே பிடிப்பார்கள், ஜாஹித் கூட வர முடியாது. எப்படியாவது சமாளித்துவிடுவேன்.

பிப்ரவரி 9 வரை பொறுங்கள். அதற்குப் பிறகு நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்தால் போக எனக்கு இருக்கிற ஒரே இடம் அந்தச் சுவரடி. உங்கள் தலைமேல் சத்தியம் கேட்கவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

பரணி


பூதலூர்
15.12.2024

தம்பிக்கு,

பயிர் தப்பித்தது. தாழ்ந்த வயலில் மட்டும் தண்ணீர் நின்று இன்றைக்குத்தான் வடிந்தது. உன் கடிதத்தை உன் அத்தானிடம்கூடக் காட்டவில்லை.

கண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டு தனியாக ஆட்டோவில் வந்திருக்கிறாய். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னைத் திட்ட உட்கார்ந்தேன், முடியவில்லை.

ஆனால் ஒன்று. நாலு பிடிக்கு மேல் தெரியாதவன், புதுச் சுவரில் என் பிள்ளைக்கு வழி சொல்லப் போகிறாய். கயிறு அவளைத் தாங்கும். நாலு வருஷமாக அந்தத் தேர்வுக்காகக் காத்திருக்கிற அவள் ஆசையை எந்தக் கயிறு தாங்கும்?

பொங்கலுக்குள் அவளிடம் சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்லும்படி ஆகும். மருந்தைத் தவறவிடாதே.

அக்கா


பெங்களூர்
05.01.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கயல். நான் நல்லா இருக்கேன். நீயும் அப்பாவும் எப்படி இருக்கீங்க? இதை நானே பேசிப் பேசி கம்ப்யூட்டரில் அடித்தேன். தபாலில் போட்டது என் தோழி ஷோபனா. தப்பு இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொள்.

நீயும் மாமாவும் கடிதம் எழுதிக்கொள்வது எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை பேனா கீறும் சத்தம் சமையலறை வரை வரும். நாலு பக்கம் எழுதினால் நாலு தடவை தாள் புரளும். என்னைப் பற்றித்தான் என்றும் தெரியும். ஷோபனாவிடம் எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரே நிமிஷத்தில் படித்திருப்பாள். கொடுக்கவில்லை. கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான்.

இப்போது நான் ஒன்று எழுதுகிறேன். மாமாவிடம் சொல்லக் கூடாது.

மாமாவுக்குக் கண் தெரியவில்லை. முன்பெல்லாம் அவர் குரல் முதலில் வரும், பிறகு என் கை போகும். செப்டம்பரிலிருந்து குரல் தயங்கியது. ஒரு நாள் "மூணு மணிக்குக் குடம்" என்றார். மூன்று மணியில் வெறும் சுவர். நான் தடவித் தேடி, பன்னிரண்டில் இருந்த வரப்பைப் பிடித்தேன். தவறியது அவருக்குத் தெரியக்கூடாதென்று, "மாமா, பன்னெண்டுல வரப்புதானே?" என்று சத்தமாகக் கேட்டேன். "ஆமா ஆமா, வரப்புதான்" என்றார்.

அதிலிருந்து அப்படித்தான். பிடியை நானே கண்டுபிடித்து, நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவேன். வரப்புக்கு ஒரு சத்தம், குடத்துக்கு ஒரு சத்தம். அதைக் கேட்டு அவர் சொல்வார். அவர் சொன்ன பிறகு கையை அழுத்தி வைப்பேன். தான்தான் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். பழகின சுவர் என்பதால் ஓடுகிறது.

புதுச் சுவரில் இது நடக்காது. தடவித் தேடிக்கொண்டிருந்தால் பாதியில் ஆறு நிமிஷம் முடிந்துவிடும். தெரிந்துதான் போகிறேன். தேர்வு போனால் அடுத்தது வரும். மாமாவைக் கீழே இருந்து போகச் சொன்னால் அவர் எங்கே போய் நிற்பார்?

கோபப்படாதே. அப்பாவுக்கு ஒரு முத்தம்.

கயல்


பூதலூர்
16.01.2025

அன்புத் தம்பிக்கும், அன்பு மகள் கயல்விழிக்கும்,

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பொங்கல் போனது. நீங்கள் இல்லாமல் பானை பொங்கியது, அவ்வளவுதான். உங்கள் உடம்பு தேவலையா என்று கேட்கப் போவதில்லை. உங்கள் இரண்டு பேர் உடம்பும் எனக்குத் தெரிந்துவிட்டது.

எட்டாம் வகுப்பில் ஒரு முறை கணக்குப் பரீட்சை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பையன்கள். கடைசிக் கணக்குக்கு இரண்டு பேரும் ஒரே தப்பான விடை. தனித்தனியாகக் கூப்பிட்டேன். "அவனுக்குத் தெரியும்னு நெனச்சு அவனப் பாத்து எழுதினேன் டீச்சர்" என்றான் ஒருத்தன். அடுத்தவனும் அதையேதான் சொன்னான். இரண்டு பேருக்கும் பூஜ்யம் போட்டேன். வீட்டுக்கு வந்து சிரித்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. பரணி, நீ அவளுக்காகப் பார்ப்பதாக நடிக்கிறாய். அவள் உனக்காகக் கேட்பதாக நடிக்கிறாள். நடுவில் மூன்று வாரத்தில் ஒரு சுவர் வருகிறது. அதற்கு நடிப்புத் தெரியாது.

சொல்லாதே என்று இருவரும் என்னிடம் கேட்டீர்கள். நான் இரண்டையும் மீறுகிறேன். இந்தப் பொட்டலத்தில் இரண்டு உறைகள். நீல உறையில் கயலின் கடிதம், அது பரணிக்கு. பழுப்பு உறையில் பரணியின் டிசம்பர்க் கடிதம், அது கயலுக்கு. ஷோபனா கயலுக்குப் படிக்கட்டும். ஜாஹித் பரணிக்குப் படிக்கட்டும்.

என் தப்பும் உண்டு. பெற்ற பெண்ணுக்கு எட்டாத மையில், ஆறு மாதமாக அவளைப் பற்றியே எழுதினேன். கயல், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

திட்டித்தான் எழுதுவீர்கள் என்றாலும் எழுதுங்கள்.

கலைமகள்


பெங்களூர்
02.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் எப்படி இருக்கிறார்? அறுவடை முடிந்திருக்கும். இதை நான் சொல்ல ஜாஹித் எழுதுகிறான். பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

ஆறு வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் "ம்" என்று மட்டும் சொன்னேன். கயலையும் எதுவும் சொல்லவிடவில்லை. நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

பொட்டலம் வந்த அன்று ஒரே வீட்டில் இரண்டு அறையில் இரண்டு கடிதம் வாசிக்கப்பட்டது. கயல்தான் முதலில் வந்தாள். வாசலில் நின்று, "மாமா, பொய் சொல்றதுக்கும் ஒரு தெறமை வேணும். உங்களுக்குச் சுத்தமா கெடையாது" என்றாள்.

"உனக்கு மட்டும் இருக்கோ?" என்றேன்.

"நாலு மாசமா உங்கள ஏமாத்திருக்கேன்ல?"

பிறகு சண்டை. பெரிய சண்டை. நகத்தால் தட்டித் தட்டி என்னைக் குழந்தைபோல ஏமாற்றினாளே என்று எனக்கு. தன் தேர்வைப் பணயம் வைத்தேனே என்று அவளுக்கு. கடைசியில், "சரி, ஜாஹித் சொல்லட்டும்" என்றேன். அதைச் சொல்ல நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று வாரம் ஜாஹித் பழகினான். தேர்வன்று கயிற்றை வேறொருவர் பிடித்தார், இவன் கீழே நின்று சொன்னான். இருபத்தொன்றாவது பிடி வரை நன்றாகத்தான் போனது. அங்கே இரண்டு காலையும் எடுத்து ஒரே கையில் தொங்கி ஒரு தாவு தாவினாள். இவன் அடுத்த பிடியைச் சொல்வதை விட்டுவிட்டு, "சூப்பர் அக்கா!" என்று கத்தினான். அப்புறம் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான். அவள் மேலே காத்திருந்தாள். கை தளர்ந்துவிட்டது. இருபத்து மூன்று. மூன்றாம் இடம். எடுத்தது இரண்டு பேர்.

மேடம், நான் ஜாஹித். சார் சொல்வது உண்மை. அந்த மாதிரித் தாவலை யார் பார்த்தாலும் பேச்சு நின்றுவிடும். ஆனால் நான் நிறுத்தியிருக்கக் கூடாது. மன்னிக்கவும்.

மறுபடியும் நான்தான், அக்கா. நீங்கள் செய்தது சரி என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நான் நின்றிருந்தால் அவள் இருபத்து மூன்றுகூடத் தொட்டிருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் வரவில்லை.

அன்று பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுவர் மொத்தமும் சாம்பல். ஆனால் அவள் ஏறுவதை முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். ஏழு வருஷமாக நானே பேசிக்கொண்டிருந்ததால் விரல் சத்தம் தவிர எதையும் கேட்டதில்லை. மூச்சை இழுத்துப் பிடிப்பாள், ஷூ சுவரில் உரசும், பிறகு கை ஒரு 'தப்'. இருபதாவது பிடியிலேயே மூச்சு மாறிவிட்டது. அவள் களைத்துவிட்டாள் என்று கீழே நின்ற இவனுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. சொல்ல எனக்கு அங்கே இடமில்லை.

அடுத்த தேர்வு அக்டோபரில். கயல் மறுநாளே பயிற்சிக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை. போய் என்ன செய்வது?

மேடம், சார் இதை எழுதச் சொல்லவில்லை. மூன்று வாரமாக சார் வீட்டை விட்டு இறங்கவில்லை. கயல் அக்கா தினமும் கிளம்பும்போது கதவடியில் ஐந்து நிமிடம் நிற்கிறாங்க. கூப்பிடவும் மாட்டேங்கிறாங்க. நான் சொன்னால் சார் கேட்க மாட்டார்.

பரணிதரன்
எழுதியது: ஜாஹித்


பூதலூர்
12.03.2025

அன்புத் தம்பிக்கு,

உன் அத்தான் சுகம். நெல் வீடு வந்துவிட்டது. இது கரும்பலகையில் எழுதும் எழுத்து. பக்கத்துக்கு ஏழு வரிதான் வருகிறது. ஓரப் பார்வையில் மெதுவாகப் படி. தபாலில் சேர்ப்பதற்கு முன் போனில் கயலுக்கு முழுக்கப் படித்துக் காட்டிவிட்டேன். இனி அவளுக்குத் தெரியாமல் உனக்கு ஒரு வரியும் வராது.

அவள் தோற்றது என்னால்தான் என்று நீ நினைத்தால், நினைத்துக்கொள். நான் வாங்கிக்கொள்கிறேன். அவளிடம் கேட்டேன். "இருபத்து மூணும் உண்மையாத் தொட்டதும்மா" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். நானும்.

போய் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். ஜாஹித் நல்ல பையன். ஆனால் மேலே தொங்குகிறவருக்கு ஒரு நொடி மௌனம் எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்குக் கண் இருக்கிறது, பார்த்ததும் மறந்துபோகிறான். கயல் அவனைத் திட்ட மாட்டாள், மரியாதைக்காரி. தானும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறி, அவன் தவறுகிற ஒவ்வொரு இடத்திலும் மேலே இருந்து கத்திச் சொல்லிக்கொடுப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். எந்த வார்த்தை எப்போது வர வேண்டும் என்று தெரிந்த ஆள் அங்கே ஒருவர்தான். அவர் ஒரு மாதமாகக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

"மாமா ஏறுவாரா? தொப்பைய யார் தூக்குறது?" என்றாள் கயல். சிரித்தாள். தேர்வுக்குப் பிறகு அவள் சிரித்து இன்றைக்குத்தான் கேட்டேன். உன் கண் டாக்டரிடம் கேட்டுச் சொல்லும்படி அவளிடம் சொல்லியிருந்தேன். ஓட்டம், பளு வேண்டாம், கயிற்றில் இரண்டடி ஏறுவதில் தவறில்லை என்றாராம். கயிறு தாங்கும் என்று எனக்கு எழுதியவனே நீதான்.

கொஞ்ச நாள் பயமாக இருக்கும். அது பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கயலோடு போ. இடுப்பில் கயிற்றைக் கட்டு, கண்ணைக் கட்டு, ஜாஹித்தைக் கீழே நிறுத்து, மூன்று பிடி ஏறிப் பார்.